கானில் ஊற்றிய கஞ்சி

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால், அதற்கு முன் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். அதுதான் வெட்கமாக இருக்கிறது.

யுத்த காலம். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒட்டி ஒட்டி இருந்த வீடுகள். பக்கத்து வீட்டில் நிஸாம் நானா, புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருந்தவர். நோன்பு மாதத்தில் அவர் மனைவி பரீதா பின்னேரமானால் ஒரு கோப்பை கஞ்சி அனுப்புவார். முஸ்லிம்கள் தமிழர்களான நம்மை ஆமிக்கும் பொலிசுக்கும் காட்டிக்கொடுப்பவர்கள் என்று மாதா கோயிலடியில் கதைத்தார்கள். நானும் நம்பினேன். என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், புலியென்று எளிதில் சந்தேகப்படுவார்கள், அதனால் எனக்குப் பயம் கூடுதல். கஞ்சியைக் குசினிக்குப் பின்னால் ஓடும் கழிவுநீர்க் கானில் ஊற்றிவிட்டு, கோப்பையைக் கழுவிச் சிரித்தபடி திருப்பிக் கொடுப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. கோயிலில் நவநாள் ஜெபத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். பொலிஸ் சுற்றிவளைப்பில் கணவரைப் பிடித்துவிட்டார்கள் என்று அவருடன் வேலை செய்பவர் ஓடிவந்து சொன்னார். அப்படிப் போனவர்களில் திரும்பி வராதவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். பொலிசில் போய்க் கதைக்க எனக்குச் சிங்களம் நாலு சொல்தான் தெரியும். வீட்டுப் பீடத்தில் இருந்த சுருவத்தின் முன்னால் விழுந்து, யாரையாவது அனுப்பும் ஆண்டவரே என்று அழுதேன். வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

கதவு தட்டப்பட்டது. நிஸாம் நானா. என் அழுகை சுவரைத் தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். இவரையா அனுப்பினீர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"தங்கச்சி, அவர்ட பொலிஸ் பதிவுத் தாளையும் வேலைக் கடிதத்தையும் தாங்க. நான் போய்க் கதைக்கிறேன்."

கொடுக்க மனமில்லை. வேறு வழியில்லாமல் கொடுத்தேன். பிறகு வாசலுக்கும் சுருவத்துக்கும் இடையில் நடந்தபடியே இருந்தேன். கொடுத்த தாள்களை வைத்து அவர் என்ன செய்வாரோ என்றே யோசித்தேன். பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. நானா திரும்பி வரவில்லை.

ஒரு மணித்தியாலம் கழித்து அவரும் என் கணவரும் சேர்ந்து வந்தார்கள். நானா பொறுப்பு நின்று கையெழுத்து வைத்திருக்கிறார். பொலிஸ் நிலையத்துக் குழாய்த் தண்ணீரில்தான் நோன்பு திறந்தாராம்.

அடுத்த நாள் பரீதாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"கான் எங்கட குசினி வாசலாலதானே போகுது, தங்கச்சி. மொத நாளே கண்டேன்."

பிறகு ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுக்குக் குடுக்காம நாங்க எப்பிடி நோன்பு தொறக்கிறது?"

அன்றைய கஞ்சியை வாசலில் நின்றபடியே குடித்தேன். இப்போது டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு அவர்களுக்கென்று பிரண்டி சேர்க்காமல் தனிக் கேக் செய்கிறேன். கோயிலடியில் முஸ்லிம்களைப் பற்றிய அந்தப் பேச்சு எழுந்தால் இன்றும் எதிர்த்துப் பேசப் பயம்தான். ஆனாலும் வாயைத் திறந்து இதைச் சொல்லிவிடுவேன். அன்பானவர்களே, நம்பிக் கேளுங்கள், ஆண்டவர் ஆளை அனுப்புவார். வந்து நிற்பவர் யாரென்று பார்த்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள்.