பேரையூருக்கு ஒரு குதிரையைத் தொடப் போனேன்

மதுரை ஆனையூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். மனிதர்களின் முதுகும் முழங்காலும்தான் என் பிழைப்பு. குதிரைகளுக்கும் மசாஜ் சிகிச்சை உண்டென்று தெரிந்ததும் சென்ற ஆண்டு ஓர் ஆன்லைன் படிப்பில் சேர்ந்தேன். பாடங்கள் முடிந்தன, செய்முறைப் பயிற்சி பாக்கி. அதற்குக் குதிரைக்காரர் சம்மதிக்க வேண்டும், கால்நடை மருத்துவர் உடனிருக்க வேண்டும். அப்படித்தான் தை மாதக் கடைசியில் பேரையூர் போனேன்.

மாட்டுத்தாவணியில் காலை ஏழு மணிக்கு ராஜபாளையம் பஸ். டி.கல்லுப்பட்டியில் இறங்கி மாற வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. டீயைக் கல்லுப்பட்டியிலேயே குடித்துவிடுங்கள். எப்படியும் அங்கே காத்திருக்கத்தான் வேண்டும்.

சம்மதம் தந்த செல்லப்பாண்டி அண்ணன் பருத்தி விவசாயி. பந்தய வண்டி இழுக்கும் செவலைக் குதிரை ஒன்று வைத்திருக்கிறார். பெண் குதிரை. நான் போனதுமே, "டாக்டர் வர மதியமாகுமாம். நீங்க ஆரம்பிங்க தங்கச்சி. முன்னங்கால லேசா தாங்கித் தாங்கி வைக்கிது. ஞாயித்துக்கெழம பந்தயம்" என்றார்.

கழுத்தில் கை வைத்தேன், நின்றது. தோளுக்கு வந்தேன், அதற்கும் நின்றது. முட்டிக்குக் கீழே பின்பக்கம் விரல் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. அந்த இடம் சுட்டது. இன்னொரு முன்னங்காலைத் தொட்டுப் பார்த்தேன், அதில் சூடில்லை.

நீவிப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"டாக்டர் பாக்கட்டும்ணே. அதுவரைக்கும் நான் தொடல."

"இதச் சொல்லவா அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தீக? நல்லா நீவி விட்டா சரியாப் போயிரும்."

"இது என்னன்னு சொல்ற தகுதி எனக்கில்லண்ணே. நான் பாட்டுக்கு அமுக்கிவிட்டு, ஓடுறப்ப கால் போயிருச்சுன்னா?"

அண்ணன் வெளியே போய்விட்டார். மதியம் வரை அந்தக் கொட்டகையில் நானும் குதிரையும்தான். வந்தது வீணோ என்று பலமுறை தோன்றியது.

டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். காலைத் தூக்கி, அழுத்தி, நடக்கவிட்டுப் பார்த்தார். "தசைநார் கிழிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். ஸ்கேன் எடுத்தாத்தான் முழுசாத் தெரியும். பந்தயம்லாம் இப்ப வேணாம். ஓடுனா அறுந்துரும்."

அண்ணன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு போனை எடுத்தார். "மாப்ள, ஞாயித்துக்கெழம நாம இல்ல. ஆமா. யாரு கேட்டாலும் இல்லன்னு சொல்லிரு."

"முதுகுல ஒண்ணுமில்ல. நான் பக்கத்துல நிக்கிறேன், அங்க மட்டும் செய்ங்க" என்றார் டாக்டரம்மா. கயிற்றை அண்ணனே வந்து பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குதிரையின் தலை தாழ்ந்தது, கீழுதடு தொங்கியது. இத்தனை பெரிய உடம்பு என் கைக்கு இணங்குவதை அன்றுதான் உணர்ந்தேன்.

இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களுக்கு: நான் விசாரித்தவரை நம் நாட்டில் குதிரை மசாஜுக்கென்று தனி உரிமம் இல்லை. படிப்பு தரும் சான்றிதழை உரிமம் என்று நினைத்துவிடாதீர்கள். நோயைக் கண்டறிவதும் மருந்து தருவதும் பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. நேரடிப் பயிற்சி எவ்வளவு, மேற்பார்வை யார் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் எண்ணமிருந்தால் அந்த ஊர்ச் சட்டத்தை முதலில் பாருங்கள்.

கிளம்பும்போது அண்ணன் பஸ் நிறுத்தம் வரை பைக்கில் கொண்டுவந்து விட்டார். பஸ் வந்ததும், "அடுத்து எப்ப வாரீக?" என்றார்.

"டாக்டர் சொல்லட்டும்ணே, வாரேன்."

"நானே கேட்டுச் சொல்றேன்" என்றார்.