ரெண்டு மணிக்கு வா

பல்கேரியாவின் பிளவ்திவ் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவர்களின் காரியங்களைப் பார்க்கும் எழுத்தர் ரதோஸ்தினா. மூன்று வருடமாக அவள் மதியம் சாப்பிடுவதில்லை. கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருப்பாள். "அக்காவுக்கு வயிறே கிடையாதுடா" என்று மாணவர்கள் கேலி செய்வார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மதியம், ஆய்வேட்டுக்கு அவகாசம் கேட்டு மாணவன் காலின் வந்து நின்றான். ஒரு கையெழுத்து, அரை நிமிட வேலை. "சாப்பாட்டு நேரம்ப்பா, ரெண்டு மணிக்கு வா" என்று கதவைச் சாத்தினாள். இரண்டு மணிக்கு அவன் வரவில்லை. மறுநாள் விடுதி அறையில் அவனைப் பிணமாகத்தான் பார்த்தார்கள்.

ஆண்டுதோறும் அதே நாளில் அவன் தாய் நெவெனா, ஊர் வழக்கப்படி, படம் போட்ட இரங்கல் அறிவிப்பை அச்சடித்து வந்து அந்தக் கதவில் ஒட்டுவாள். ரதோஸ்தினாவுக்கும் இறந்தவர் நினைவாகக் கொடுக்கும் சர்க்கரைக் கோதுமை ஒரு கிண்ணம் தருவாள்.

இந்த வருடம் ஒட்டிவிட்டு உடனே கிளம்பவில்லை.

"அன்னிக்கு எனக்கு போன் பண்ணினான். 'ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்கம்மா, எல்லாம் சரியாயிடும்'னான். இத்தனை நாள் கேக்க பயமா இருந்துச்சு. வந்தானா?"

கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.

"வந்தான்" என்றாள் ரதோஸ்தினா. "கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்."

நெவெனா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். சுவர்க் கடிகாரம் இரண்டு அடித்தது. ரதோஸ்தினா நிமிர்ந்தாள். கதவில், பசை காயாத படத்தில், காலின் வந்து நின்றிருந்தான்.