ஆளில்லாத வீட்டில் அடித்த அலாரம்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் என் வாய்ச்சொல்லுக்கு எங்கள் கடற்கரையில் மதிப்பு உண்டு. ஒரு ஆளைப் பார்த்து நான் ஒன்று சொன்னால் தப்பாது என்பார்கள். அந்தச் சொல்லாலேயே அபுதாபிப் பக்கம் அல் ஐனில் ஒரு மனுஷனுடைய பிழைப்பு போகப் பார்த்தது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு திடுக்கென்கிறது.

மகளுக்கும் மருமகனுக்கும் அங்கே ஆஸ்பத்திரியில் வேலை. ஒரு அரபியின் காம்பவுண்டில், ஆறு வீட்டில் ஒன்றில் குடியிருந்தார்கள். நானும் போய் அவர்களோடு இருந்தேன். கேட்டில் ஒரு வாட்ச்மேன். புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், ஐம்பது வயது இருக்கும், என்னை ஆத்தா என்பார். எல்லா வீட்டு மாற்றுச் சாவியும் அவரிடம்தான். வீட்டுக்கு வீடு திருட்டு அலாரம் வைத்திருந்தார்கள். எல்லாரும் வெளியே போகும்போது நம்பரை அமுக்கிவிட்டுப் போக வேண்டும். உள்ளே ஆள் நடமாடினால் அது ஊளையிடும், போலீஸ் வண்டி வந்துவிடும்.

டிசம்பர் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்தால், வாசலில் போலீஸ் வண்டி! அலாரம் அடித்ததாம். கதவு பூட்டினபடி இருந்தது, ஒரு சாமான் அசையவில்லை. அடுத்த ஞாயிறும் அதே கதை. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“சாவி யாருக்க கையில இருக்கு? அத யோசியுங்க மருமவனே.”

“மாமி, அவரு நல்ல மனுசன்.”

“நல்ல மனுசன்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா? நாம கோயிலுக்குப் போற நேரம் அவனுக்குத் தெரியும்லா?”

மருமகன் அதை அரபியின் காதில் போட்டுவிட்டார்.

மூன்றாம் ஞாயிறும் அடித்தது. அங்கே அலாரம் சும்மா அடித்தால் சும்மா விடமாட்டார்கள். முதலில் எச்சரிக்கை. மூன்றாம் தரம் ஆகிவிட்டால், ஏன் அடித்தது, யார் உள்ளே போனது என்று வீட்டுச் சொந்தக்காரர் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அரபியிடம் காரணம் தயாராக இருந்தது. வாட்ச்மேன்! திங்கட்கிழமை பின்னேரம் எழுதிக் கொடுத்துவிட்டு, விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்புவதாக முடிவு.

வாட்ச்மேன் என்னிடம் வந்தார். “ஆத்தா, அந்த நேரம் பின்னாடி செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தேன். பெரியவுக நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“எனக்கென்னப்பா தெரியும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பின முகம் இதுதான்.

திங்கள் காலையில் மகள் மனசு கேளாமல் அலாரம் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒரு மலையாளி மெக்கானிக் வந்தார். நம்பரை அமுக்கிவிட்டு எங்கள் எல்லாரையும் வெளியே நிறுத்தினார். வாட்ச்மேனும் என் கண்ணுக்கு முன்னால்தான் நின்றார். கொஞ்ச நேரம்தான். அலாரம் கத்தியது! உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. பேயோ பிசாசோ என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

மெக்கானிக் நேரே ஹாலுக்குப் போனார். சுவர் மூலையில் ஆள் பார்க்கிற வெள்ளைப் பெட்டி. அதற்கு எதிரே நான் கட்டச் சொன்ன நட்சத்திரம். எங்கள் பக்கத்தில் டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு ஒரு காகித நட்சத்திரம் உண்டு. அதன் உள்ளே எரிகிற பல்பை ஜனவரி ஆறாம் தேதி ராஜாக்கள் திருநாள் வரை அணைக்கக் கூடாது. ஊரிலிருந்து கொண்டுபோன பழைய குண்டு பல்பு. ஏசிக் காற்றில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

“அம்மச்சி, கள்ளனெ கிட்டி!” திருடன் அகப்பட்டான் என்று சிரித்தார்.

சூடாக ஒன்று அசைந்தால் அந்தப் பெட்டிக்கு அது ஆள்தானாம். மற்ற நாளெல்லாம் நான் வீட்டிலேயே இருப்பதால் நம்பரே அமுக்குவதில்லை. ஞாயிறு மட்டும் அடித்தது அதனால்தான். நான் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். மகள் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பின்னேரம் அரபி வந்தார், வாட்ச்மேனையும் கூப்பிட்டு நிறுத்தினார். மருமகன் இங்கிலீஷில் நாலு சொல் சொன்னார். அரபி தலையாட்டிப் பேனாவை எடுத்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நான் செய்தது நாலு சொல்லில் அடங்காது என்று தெரியும்.

“என்ன சொன்னீங்க மருமவனே?”

“லைட்டு ஆடிச்சுன்னு சொன்னேன் மாமி. போதும்.”

“போதாது. பழி போட்டது நான்னு சொல்லுங்க. கண்ணால காணாம சொன்னேன்னு சொல்லுங்க. அவரு நிக்கும்போதே சொல்லணும்.”

மருமகனுக்கு முகம் கறுத்தது. ஆனாலும் சொன்னார். அரபி என்னை நிமிர்ந்து பார்த்தார். தாளில் எழுதினார். வாட்ச்மேனிடம், நீ போகவேண்டாம், வேலையைப் பார் என்று கையைக் காட்டினார்.

இந்த வயது வரை நான் யார் முன்னாலும் தலை குனிந்ததில்லை. அன்றைக்குக் குனிந்தேன். “தம்பி, மன்னிச்சிரு” என்றேன்.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மனுஷன் தலையைச் சொறிந்தார்.

“அது கெடக்கட்டும் ஆத்தா. நேத்தே ஊருல பொண்டாட்டிக்குப் போன் போட்டு, வந்துடுறேன், இனிமே போகமாட்டேன்னு சொல்லிப்புட்டேன். எதுக்குன்னு சொல்லலை. அவ சிரிச்சா ஆத்தா. அவ அப்பிடிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லை. கெடா வெட்டுறேன்னு சாமிக்கு நேந்துட்டாளாம். இப்பப் போன் போட்டு என்னன்னு சொல்ல?”

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், பார்த்தார், திரும்ப உள்ளேயே போட்டுக்கொண்டு கேட்டுப் பக்கம் போனார்.