பூட்டியாச்சா?

அந்த ஆஸ்பத்திரி ஜீப் டிரைவருக்கு ‘மெதுவா’ என்று பட்டப்பெயர். வேகமாகப் போகச் சொல்கிற எவருக்கும் அந்த ஒரே சொல்தான் பதில் என்பதால் வந்தது. ஐம்பத்துமூன்று வயது, மடங்க மறுக்கும் வலது முட்டி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு துடைக்கும் துணி. வீட்டில் கூட அளந்துதான் பேசுவார். நாலு சக்கரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் மனிதரை நிறுத்த முடியாது.

“நாலு சக்கரமும் இழுக்கற வண்டின்னா எங்க வேணா போகும்னு நெனைக்கறாங்க. சகதியில மாட்டினப்புறம் கியரைப் போடுறான். கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்! எறங்கறதுக்கு முன்னாடியே போடணும். தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துடணும். இல்லேன்னா முன்னாடியும் பின்னாடியும் மல்லுக்கட்டி, பல்சக்கரம் உடைஞ்சு போயிடும்.” கேட்பவர் பல்வலிக்கு வந்த நோயாளியாக இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

அது பழைய ஜீப். நாலு சக்கரமும் இழுக்க, உள்ளே இருக்கும் குட்டிக் கியரைத் தள்ளினால் மட்டும் போதாது. முதலில் யாராவது இறங்கி, முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் உள்ள திருகைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் முன்சக்கரங்கள் கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி கூடவே வரும், வேலை செய்யாது. டிரைவரின் முட்டியைப் பார்த்துவிட்டுப் பதினெட்டு வருடமாக இறங்கிப் பூட்டியவர் பிரசவம் பார்க்கும் சிஸ்டர். கைராசிக்காரர், வாய் கொஞ்சம் நீளம். மண்பாதை தொடங்கும் இடத்தில் வண்டி நிற்கும், அவர் இறங்குவார்.

“பூட்டியாச்சா?”

“பூட்டியாச்சு.”

அதற்குப் பிறகுதான் குட்டிக் கியர். திரும்பி வரும்போது தார் ரோட்டு ஓரத்தில் “திறந்தாச்சா?” “திறந்தாச்சு.” டிரைவரின் மகள் சின்ன வயதில் பொம்மை வண்டி ஓட்டியபோதுகூட இதைச் சொல்லித்தான் ஓட்டினாள்.

அந்த மகளுக்கு இப்போது தலைப்பிரசவம். மருமகனுக்குக் கல் குவாரியில் வேலை. குடியிருப்பும் அங்கேயேதான், களிமண் பாதையில் ஆறு கிலோமீட்டர் உள்ளே.

“மழை பிடிக்கறதுக்குள்ள பொண்ணைக் கூட்டிட்டு வந்துடுங்கண்ணா. தேதி எல்லாம் நம்பாதீங்க” என்றார் சிஸ்டர், வராந்தாவில் நாலு பேர் எதிரில்.

டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “என் பொண்ணு விஷயம் எனக்குத் தெரியும். நீங்க உங்க வேலையைப் பாருங்க.”

சிஸ்டர் விறுவிறுவென்று வார்டுக்குள் போய்விட்டார். ஒன்பது நாள் பேச்சில்லை. நல்லவேளை, அந்த ஒன்பது நாளும் வண்டிக்குத் தார் ரோட்டு வேலையாகவே இருந்தது.

பத்தாம் நாள் மதியம், இரண்டு நாள் அடைமழை விட்ட நேரத்தில், மருமகன் ஃபோன் செய்தான். பனிக்குடம் உடைந்துவிட்டது, குவாரி லாரி ஒன்றும் நகரவில்லை. டிரைவர் வண்டிச் சாவியை அறை முழுக்கத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. வெளியே ஓடிவந்தால், சிஸ்டர் பையோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். ‘அப்பவே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை இல்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மண்பாதை தொடங்கும் இடத்தில் ‘மெதுவா’ நிற்கவே இல்லை. கொஞ்சம் வேகம் குறைத்தார், பழக்கத்தில் குட்டிக் கியரைத் தள்ளினார், போய்க்கொண்டே இருந்தார். மழையைப் பார்த்துவிட்டு முன்னமே யாரையாவது விட்டுப் பூட்டி வைத்திருப்பார் என்று சிஸ்டர் நினைத்துக்கொண்டார். கேட்டிருக்கலாம்தான். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொன்னவரிடம் எப்படிக் கேட்பது?

இரண்டாவது கிலோமீட்டரில் வண்டி உட்கார்ந்தது. பின்சக்கரம் வெறுமனே சுழன்று சேற்றை வாரியடித்தது. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதர் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினார். வண்டி இன்னும் இறங்கியது.

“காலை எடுங்கண்ணா! குழி தோண்டறீங்க!” சிஸ்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். “முன்சக்கரம் அசையவே இல்லையே. பூட்டியாச்சா?”

டிரைவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். “நீங்க... பூட்டலையா?”

“நீங்க நிறுத்தவே இல்லையே அண்ணா.”

அதற்கு மேல் யார் மேல் தப்பு என்று பேச நேரமில்லை. டிரைவர் குட்டிக் கியரை எடுத்துவிட்டு, ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சேற்றில் முட்டி போட்டார். வலி உச்சந்தலை வரை ஏறியது. துணியால் சேற்றை வழித்துத் திருகைத் திருகினார். மறுபக்கம் சிஸ்டர் பூட்டினார். சக்கரங்களின் முன்னால் இருந்த சேற்றை இருவரும் வாரித் தள்ளி, புதர்க் கிளைகளை ஒடித்துப் போட்டார்கள்.

“பூட்டியாச்சா?”

“பூட்டியாச்சு.”

குட்டிக் கியரைப் போட்டு, தூங்கும் குழந்தையைத் தூக்குகிற பதத்தில் கிளட்சை விட்டார். முன்சக்கரம் கிளைகளைக் கவ்வியது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி எழுந்துவிட்டது. அதற்குப் பிறகு குடியிருப்பு வரை மெதுவாகவே போனார்.

குழந்தை கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தது. சிஸ்டரின் விரல்கள் அதை எடுத்துவிட்டன. அழுகைச் சத்தம் கேட்கும்வரை, தகரக் கதவுக்கு வெளியே நின்ற டிரைவர் தான் அன்று சொன்ன ‘உங்க வேலையைப் பாருங்க’ என்ற வாக்கியத்தை நூறு தடவை விழுங்கினார்.

மகளையும் பேத்தியையும் மருமகனோடு பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள். தார் ரோட்டு ஓரத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தி, குட்டிக் கியரை எடுத்துவிட்டு, தானே இறங்கினார். தன் பக்கத்துச் சக்கரத்தைத் திறந்துவிட்டு நொண்டிக்கொண்டே சுற்றி வந்தால், அங்கே சிஸ்டர் குனிந்திருந்தார்.

“பதினெட்டு வருஷமா எறங்கியிருக்கீங்க. ஒரு தடவை நன்றி சொன்னதில்ல.”

“சக்கரம் பூட்டறதுக்கெல்லாம் யாருண்ணா நன்றி சொல்லுவாங்க?”

“சக்கரத்துக்கு இல்ல சிஸ்டர். அன்னிக்கு அப்படிப் பேசினேன். நீங்க அதை மனசுல வெச்சுக்காம வண்டியில ஏறி உக்காந்தீங்களே, அதுக்கு.” அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

சிஸ்டர் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கையெல்லாம் சேறு. டிரைவர் துணியை நீட்டினார். அதில் கையைவிட அதிகச் சேறு. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

பின்சீட்டிலிருந்து மகளின் சோர்ந்த குரல் வந்தது.

“அப்பா, திறந்தாச்சா?”

“திறந்தாச்சும்மா” என்றார்கள் இருவரும்.