ஜீப் டிரைவர் கிறிஸ்துதாஸ் எழுதிய கொள்ளைநோய்க் கதை

பட்டாபிராம் கிறிஸ்துதாஸ் தன் வாழ்நாளில் ஒரே ஒரு புத்தகம் எழுதினார். அதுவும் அச்சில் வந்ததல்ல. நீள நோட்டில், நீல மையில், அறுபத்து நாலு பக்கம். எழுத்தாளர் ஆகிற ஆசையெல்லாம் அவருக்குக் கிடையாது. சுகாதாரத் துறையில் ஜீப் ஓட்டுகிற மனுஷன், மாத முடிவில் லாக் புத்தகம் எழுதுவதற்கே வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பையனாட்டம் திணறுவார். ஆனால் அவர் மனசில் பதினோரு வருஷமாக ஒரு கேள்வி கிடந்தது. அதற்குப் பதில் சொல்ல ஆள் தேடித்தான் இத்தனை கூத்தும்.

கேள்வியை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எண்பத்து மூன்றாம் வருஷ மழையில் ஆவடி சுற்றுவட்டாரம் முழுக்க வாந்திபேதி. ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே ஜீப். டாக்டர் வேறு ஊர் முகாமுக்குப் போயிருந்தார். மத்தியானம் ஒன்றரை மணிக்கு நர்சம்மா இரண்டு சீட்டைக் கொண்டுவந்து கிறிஸ்துதாஸ் கையில் திணித்தாள். ஒன்றில் கோவில்பதாகையில் ஒரு ஆறு வயசுப் பெண் குழந்தை. இன்னொன்றில் பட்டாபிராமில் ஜம்புலிங்கம், வயசு முப்பத்தைந்து. ஒன்று வடக்கே, ஒன்று மேற்கே. "நீயே பாத்து எதுனா பண்ணு டிரைவர்" என்று சொல்லிவிட்டு அந்தம்மா உள்ளே ஓடிவிட்டாள். உள்ளே தரையில் இருபது பேர் படுத்துக் கிடந்தார்கள், அவளையும் குற்றம் சொல்ல முடியாது.

கிறிஸ்துதாஸ் கோவில்பதாகைக்கு விட்டார். வழியெல்லாம் முழங்கால் தண்ணீர். போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு நாடி விழுந்துகொண்டிருந்தது. பட்டாபிராமுக்குத் திரும்ப நேரமில்லை. நேரே பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். குழந்தை பிழைத்தது. அதன்பிறகு ஜீப்பைத் திருப்பிக்கொண்டு பட்டாபிராம் வந்து சேர மணி ஐந்தரை. ஜம்புலிங்கம் முக்கால் மணி நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தான். வாசலில் அவன் பெண்சாதி வடிவு, கையில் கட்டி வைத்த துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னவர்கள் எல்லாரும் நல்லதாகத்தான் சொன்னார்கள். 'பச்சக் கொழந்தைய காப்பாத்தினியே, அது போதும்' என்று பெரிய அதிகாரி தோளில் தட்டினார். பங்குச் சாமியார் ஜெபித்தார். வடிவுகூட, காரியம் முடிந்த மறுநாள், "நீ இன்னா பண்ணுவே அண்ணே" என்றுதான் சொன்னாள். ஆனால் அவருக்கு ஆறவில்லையே! இடதா, வலதா? எந்தத் திசை சரி? சோற்றில் கை வைத்தால் இது, சர்ச்சில் முழங்காலிட்டால் இது. வீட்டுக்காரி ரோஸி கேட்டுக் கேட்டு அலுத்து, "வேற பேச்சே கெடையாதாய்யா உனக்கு?" என்று தட்டை நகர்த்தி வைப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் மச்சினிச்சி மகள் கான்வென்ட் லைப்ரரியிலிருந்து ஒரு இங்கிலீஷ் புத்தகம் கொண்டுவந்தாள். குகைக்குள் போக வேண்டுமானால் இந்தப் பக்கத்துக்குப் போ, திரும்பி ஓட வேண்டுமானால் அந்தப் பக்கத்துக்குப் போ என்று படிக்கிறவனே முடிவு பண்ணுகிற கதை. கிறிஸ்துதாஸுக்கு அதைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துப்போனது. ஒவ்வொரு முச்சந்தியிலும் நான் செய்கிற வேலை இதுதானே என்று நினைத்தார். இப்படி ஒன்று எழுதி ஊர் கையில் கொடுத்தால் நூறு பேர் எந்தத் திசையில் திரும்புகிறார்கள் என்று தெரிந்துவிடுமே!

ஆறு மாதம் எழுதினார். ஊர் பெயரை மாற்றினார், வாந்திபேதியைக் கொள்ளைநோய் என்று போட்டார். மலை மேலிருக்கும் வைத்தியரிடமிருந்து மருந்து வாங்கி வந்து ஊரைக் குணப்படுத்த வேண்டும். வண்டி உங்கள் கையில். எட்டாம் பக்கத்தில் அந்த இரண்டு சீட்டு. குழந்தையிடம் போனால் பதினொன்று, அந்த மனுஷனிடம் போனால் இருபத்தேழு. 'கொள்ளைநோயை ஒழிப்பவர் நீங்களே' என்று மேலே கொட்டை எழுத்தில் எழுதி, பழுப்பு அட்டை போட்டு, ஸ்டேஷன் ரோட்டில் லெண்டிங் லைப்ரரி நடத்தும் தாட்சாயிணியிடம் கொடுத்தார். கடைசியில் நாலு பக்கம் வெறுமையாக விட்டு, 'நீங்கள் எந்த வழியில் போனீர்கள், ஏன்? எழுதவும்' என்று கேட்டிருந்தார். லைப்ரரி புத்தகத்தில் கிறுக்குவதற்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும் நம் ஜனங்களுக்கு?

தொண்ணூற்று நாலாம் வருஷம் செப்டம்பரில் நோட்டு சுற்றுக்குப் போனது. போன நேரம் பாருங்கள், சூரத்தில் பிளேக் என்று ரேடியோ அலறியது. மின்சார ரயிலில் பாதிப் பேர் மூக்கில் கைக்குட்டை. கொள்ளைநோய்க் கதை என்றால் கேட்க வேண்டுமா, ஆளாளுக்குப் பறித்துக்கொண்டு போனார்கள்.

முதலில் வந்தவர் ஆலைத் தொழிலாளி தங்கவேல். வந்தவர் கோபமாக வந்தார். "இன்னாய்யா கத இது? அஞ்சாம் பக்கத்துல வைத்தியர் செத்துட்டார். ஆறாம் பக்கத்துல குந்திகினு காப்பி சாப்புடறாரு. ஏழுல மறுபடி செத்துட்டார். எத்தன தபா சாவாரு ஒரு ஆளு?"

மனுஷன் ஒன்று முதல் அறுபத்து நாலு வரை வரிசையாகப் படித்திருக்கிறார்! கிறிஸ்துதாஸ் பொறுமையாக விளக்கினார். "அண்ணாத்தே, அடியில போட்டுகீறேன் பாரு, இன்ன பக்கத்துக்குப் போன்னு."

"அத பாத்தேன். நடுவுல உட்டுட்டுப் போனா மிச்சத்த யாரு படிக்கறது? புஸ்தகம் முழுசும் படிக்கத்தானே எட்த்தேன்" என்றார் தங்கவேல்.

அடுத்தது லூர்தம்மாள். சர்ச்சுக்கு எதிர்வீடு, ஜபமாலை கையை விட்டு இறங்காது. அவள் ஒழுங்காக எட்டாம் பக்கத்தில் நின்றிருந்தாள். நின்று என்ன செய்தாள்? இரண்டு துண்டுச் சீட்டில் பதினொன்று, இருபத்தேழு என்று எழுதி, மாதா சொரூபத்தின் காலடியில் போட்டு, மருமகளை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லியிருக்கிறாள்.

"நீங்களே முடிவு பண்ணணும்மா, அதான் ஆட்டமே" என்றார் கிறிஸ்துதாஸ்.

"அடப்பாவி! யாரு பொழைக்கணும் யாரு சாவணும்னு நா முடிவு பண்றதா? பாவத்த எம்தலயில கட்டப் பாக்கறியா?" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு வார்த்தை அவரை ஆட்டித்தான் விட்டது. அன்றைக்கு ஜீப்பில் உட்கார்ந்திருந்தபோது சீட்டுக் குலுக்கிப் போட யார் இருந்தார்கள்?

மற்றவர்கள் கதை இன்னும் மோசம். மாரியம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்த்து மேலே படித்தவர்கள் மூன்று பேர். முப்பத்திரண்டாம் பக்கத்து மூலிகை எந்தக் கடையில் கிடைக்கும், சூரத்து ஜுரத்துக்குக் கேட்குமா என்று விசாரித்து ஒரு அம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். இன்னொருவர் கடைசிப் பக்கத்தில், 'டிரைவருக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை? நர்சைக் கட்டி வைக்கவும்' என்று எழுதியிருந்தார். பத்து விரலும் போதாமல் ஒவ்வொரு பக்கத்திலும் ரயில் டிக்கெட்டைச் செருகி வைத்துக்கொண்டு, ஆள் செத்தால் பின்னால் போய் வேறு வழி பிடித்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் குழந்தை சாகிற பதிமூன்றாம் பக்கத்தைச் சுத்தமாகக் கிழித்தே எடுத்துவிட்டான்.

"யார்னு கேட்டேன், வாயே தொறக்கல" என்றாள் தாட்சாயிணி. "ஆனா ஒண்ணு டிரைவர். அத கிழிச்சதுக்கு அப்பறம் எல்லாரும் நிம்மதியா படிக்கறாங்கோ."

கிறிஸ்துதாஸ் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முப்பத்தெட்டு பேர் ஆடியாகிவிட்டது. இடதா வலதா என்று நேராக ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லவில்லை. நாம் கேட்டது தப்பா, இவர்களுக்குப் புரியவில்லையா, இல்லை உலகத்தில் எல்லாரும் இப்படித்தானா? ஒன்றும் விளங்கவில்லை. நோட்டைத் திரும்ப வாங்கி அடுப்பில் போட்டுவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை லைப்ரரிக்குப் போனார்.

வாங்கிப் புரட்டியபோது ஒன்பதாம் பக்க ஓரத்தில் புதிதாகச் சிவப்பு மையில் எழுத்து. ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை செய்யும் குணசேகரன் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தப் பக்கத்தில் நோயாளியின் மனைவி, டிரைவர் சொல்லி அனுப்பியபடி வண்டிக்காகக் காத்திருக்கிறாள். படிக்கிறவர் மனசு இளகட்டும் என்று கிறிஸ்துதாஸ் அதில் தூரத்து ரயில் சத்தத்தை மூன்று தடவை எழுதியிருந்தார்.

குணசேகரன் எழுதியிருந்தது இது: 'வீட்டுக்குப் பின்னால் ஸ்டேஷன் என்கிறீர்கள். மூன்று வண்டி போகிறது. அந்த ஆளைத் தூக்கி ரயிலில் ஏற்றியிருந்தால் ஒரு மணி நேரத்தில் பட்டணம். டிரைவர் "வண்டி வருகிறது, அசையாமல் காத்திருங்கள்" என்று சொல்லி அனுப்பியதால்தானே அவர்கள் போகவில்லை? "என்னால் வர முடியாது, ரயிலில் போங்கள்" என்று சொல்லி அனுப்ப ஏன் ஒரு பக்கம் இல்லை? அப்படிப் போட்டால் இரண்டு உயிரும் பிழைக்கும். கதையில் இது பெரிய ஓட்டை.'

கிறிஸ்துதாஸ் அதை நின்றுகொண்டே நாலு முறை படித்தார். அன்றைக்குக் கோவில்பதாகைக்குக் கிளம்பும் முன், பட்டாபிராமிலிருந்து தகவல் கொண்டுவந்த சைக்கிள்காரனிடம் அவர் வாய் சொன்ன வார்த்தை அதுவேதான். 'ஜீப் வருது, ஆள அசைக்காதீங்கோ, ஊட்டுலயே இருக்கச் சொல்லு.' நல்லெண்ணத்தில் சொன்னது. டிரைவர் புத்திக்கு ரோடுதான் தெரிந்தது, திரும்ப இரண்டு திசைதான் தெரிந்தது. ஜம்புலிங்கம் வீட்டுப் பின்கட்டிலிருந்து பிளாட்பாரத்துக்கு நூறு அடிகூட இல்லை. ஐயோ, பதினோரு வருஷம் திசையைப் பற்றியே யோசித்தோமே, சொல்லி அனுப்பியதை ஒரு நாளாவது யோசித்தோமா!

"இன்னா டிரைவர், மொகம் ஒருமாரியா ஆயிடிச்சு? சோடா வாங்கியாரட்டா?" என்றாள் தாட்சாயிணி.

அவர் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். விஷயத்தை ரோஸியிடம்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் நாள், திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்குப் பட்டாபிராம் ஸ்டேஷனுக்குப் போனார். வடிவு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் பித்தான் தைக்கிறாள் என்பதும், அந்த நேர வண்டியில் போவாள் என்பதும் அவருக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகாமல் இருக்கத்தான் அவர் அதைத் தெரிந்து வைத்திருந்தார்.

பிளாட்பாரத்தில் பெண்கள் பெட்டி நிற்கிற இடத்தில் டிபன் கேரியரோடு நின்றிருந்தாள். தலையில் அங்கங்கே நரை.

"இன்னா அண்ணே, நீ ரயிலாண்ட? ஜீப் கெட்டுப்போச்சா?" என்று சிரித்தாள்.

அவரால் சுற்றி வளைக்க முடியவில்லை. அப்படியே கொட்டிவிட்டார். நோட்டு எழுதியது, ஊரெல்லாம் ஆடியது, குணசேகரன் கேட்டது, எல்லாம். "வடிவு, தப்பு பண்ட்டேன். காத்துகினு இருன்னு சொல்லி அனுப்ச்சேனே, அதான் தப்பு. வர முடியாது, ரயில்ல ஏத்திகினு போன்னு சொல்லியிருந்தா ஜம்புலிங்கம் பொழச்சிருப்பான். எனக்கு இப்பதான் தெரிஞ்சிச்சு." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வடிவு அழவில்லை. கேரியரைக் கை மாற்றிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதா அண்ணே? பதினோரு வருசமா தெனமும் அந்த ரயில்லதானே போய்கினு வந்துகினு கீறேன்" என்றாள். "ரெண்டு அஞ்சுக்கு ஒண்ணு, ரெண்டு அம்பதுக்கு ஒண்ணு, மூணேகாலுக்கு ஒண்ணு. மூணும் எங்கூட்டுப் பின்னாடிதான் போச்சு. ரெண்டாவது வண்டி வரச்சொல்ல அவருகூட கேட்டாரு, ரயில்ல போயிடலாமான்னு. நாந்தான் வாணாம்னேன். டிரைவரு வரேன்னு சொல்லிகீறாரு, வந்து பாத்தா நாம இல்லன்னா நல்லாருக்காதுன்னேன்."

மன்னிப்புக் கேட்க வந்தவர் இப்போது யார் யாரை மன்னிக்க வேண்டும் என்று புரியாமல் நின்றார். தூரத்தில் வண்டி வருவது தெரிந்தது, ஜனங்கள் விளிம்புக்கு நகர்ந்தார்கள்.

"அது இன்னா நோட்டு, கைல வெச்சிகினுகீறியே, அதுவா?" என்றாள் வடிவு.

"ஆமா."

"அதுல நானும் வரேனா?"

"ஒம்போதாம் பக்கத்துல."

"இன்னா பண்றேன் அதுல?"

"காத்துகினு கீறே."

"அவ்ளோதானா? இப்பிடிப் போ, அப்பிடிப் போன்னு எல்லாருக்கும் போட்டியே. எனக்கு அடியில ஒண்ணும் போடலியா?"

அவர் நோட்டைத் திறந்து பார்க்கவே இல்லை. பார்க்க அவசியமில்லை, எழுதியது அவர்தானே. ஒன்பதாம் பக்கத்தின் அடியில் எந்த எண்ணும் கிடையாது. அந்தப் பெண்ணும் எதையாவது முடிவு பண்ணுவாள் என்று ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட அவருக்குத் தோன்றியதில்லை.

"போடல தங்கச்சி" என்றார்.

வண்டி வந்து நின்றது. வடிவு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மற்றப் பெண்களோடு முண்டியடித்து ஏறினாள்.