மாதிரிக்கு வைத்த அழுகை

ஸ்டுடியோவில் அவருக்குப் பெயர் காது. மூன்றாவது மாடியில் யாராவது நாற்காலியை இழுத்தால், தரைத்தளத்தில் உட்கார்ந்தபடி அது மர நாற்காலியா இரும்பு நாற்காலியா என்று சொல்லிவிடுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறையும். காது என்ற பட்டப்பெயர் அந்தச் சங்கடத்தைத் தவிர்த்துக் கொடுத்தது. இருபத்திரண்டு வருஷத்தை அப்படியே ஓட்டிவிட்டார்.

படத்துக்கு ஒலி சேர்ப்பது அவர் வேலை. கதவு சாத்துவது, மழை பெய்வது, கதாநாயகி வளையலைக் கழற்றி வைப்பது எல்லாம் அவர் கையில்தான் உயிர் பெறும். ஒருநாள் பாலிவுட் படம் ஒன்று வந்தது. முஸ்லிம் அடையாளம், ஆட்டிசம், அக்கம்பக்கத்தாரின் வெறுப்பு என்று இயக்குநர் கதையைச் சொல்லத் தொடங்கியதும், அறையில் இருந்த அத்தனை பேரும் காது என்கிற அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் யார் என்று யாருக்கும் தெரியாது என நினைத்திருந்தார். எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

இயக்குநர் ஒரு பெண். படம் இந்தி என்றாலும் அவருக்குத் தாய்மொழி தமிழ். சண்டை போடுவதையும் சிரிப்பதையும் தமிழில்தான் வைத்துக்கொள்வார்.

“உங்க தம்பிக்கு ஆட்டிசம்னு சொன்னாங்க. ஏதாவது தனித்திறமை இருக்குமே? பத்து வருஷக் காலண்டர் மனப்பாடம், பெரிய பெருக்கல் கணக்கு, அந்த மாதிரி?”

“ஏழாம் வாய்ப்பாட்டுக்கும் அவனுக்கும் இன்னும் பேச்சுவார்த்தையே இல்ல மேடம். நல்லாத் தூங்குவான். அதைத் திறமைன்னு எடுத்துக்கலாம்னா எடுத்துக்குங்க.”

இயக்குநர் சிரித்தார். நல்ல மனுஷி. அந்தச் சிரிப்பில் மயங்கித்தான் காது பார்சல் விஷயத்தைச் சொன்னார்.

தம்பிக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு பார்சல் ஆபீஸில் முகவரி பார்த்துப் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவது அவன் வேலை. அதில் அவன் புலி. அண்ணன், அண்ணி, அவன் என்று மூவரும் புது அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறிய முதல் மாதம், வாசலில் யாருக்கோ வந்து கிடந்த பெட்டிகளைப் பார்த்து அவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஆபீஸ் பழக்கம். ஒவ்வொன்றாக எடுத்து, மாடிவாரியாக அடுக்கி வைத்தான். தாடிவைத்த புது ஆள் ஒருவன் பெட்டிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான் என்று யாரோ போலீஸுக்குப் போன் போட்டுவிட்டார்கள். வந்த போலீஸ்காரர் முதலில் மரியாதையாகத்தான் பேசினார். பெயரைக் கேட்டார். பெயரைக் கேட்டதும் “நீங்க” என்பது “நீ” ஆனது. வீட்டுக்குள் வந்து தம்பியின் பையைத் தலைகீழாகக் கொட்டினார், தோளைப் பிடித்து உலுக்கினார். எல்லோருடைய பாதுகாப்புக்கும்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். தெரியாத யாரும் தம்பியைத் தொடக்கூடாது. தொட்டால் அவன் உடைந்துபோவான். அன்றைக்கு அப்படித்தான் உடைந்தான்.

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதைப் படத்துல வைக்கலாமா? தம்பிகிட்ட கேட்டுச் சொல்லுங்க.”

அவர் கேட்டார். தம்பி எதற்கும் உடனே பதில் சொல்கிறவன் இல்லை. மறுநாள் காலை பல் துலக்கி முடித்துவிட்டு வந்து சொன்னான்.

“கதை சொல்லலாம். போலீஸ் பையைக் கொட்டினது சொல்லலாம். அவங்க போனதும் நீ ஓடி வந்து என்னை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டது கண்டிப்பாச் சொல்லணும். என் குரல் மட்டும் வேண்டாம்.”

“உன் குரல் எதுக்குடா? அங்க பெரிய ஹீரோ இருக்காரு.”

“எதுக்குன்னு கேக்கல. வேண்டாம்னேன்.”

“சரிடா, சத்தியமா.”

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. தொழில் பழகிய நாளில் அண்ணன் தம்பியின் பேச்சைப் பதிவு செய்து அவனுக்கே போட்டுக் காட்டுவார். தன் குரலை வெளியிலிருந்து கேட்பது, தன் சட்டையை வேறு ஒருவன் போட்டுக்கொண்டு எதிரில் நிற்பதைப் பார்ப்பது மாதிரி அவனுக்கு. காதைப் பொத்திக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவான்.

சத்தியம் பண்ணிய அந்த நேரத்திலேயே அவருடைய கணினியில் ஒரு கோப்பு இருந்தது. நாலு நிமிஷம் ஓடும். போலீஸ் போன பிறகு தம்பி அழுத அழுகை. அடுத்த தடவை இப்படி ஆனால் பதிவு பண்ணிக்கொண்டு வாருங்கள் என்று தம்பியைப் பார்க்கும் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், அதனால் பண்ணினார். டாக்டர் அதில் முக்கால் நிமிஷம்கூடக் கேட்கவில்லை, போதும் என்றுவிட்டார். அப்போதே அழித்திருக்கலாம். ஒலி வேலை பார்க்கிறவனிடம் போய் அழி என்று சொல்ல முடியுமா? செத்துப்போன அலாரத்தின் கடைசி முனகலைக்கூடப் பெயர் போட்டு வைத்திருக்கும் கூட்டம் அது. தம்பிக்கு அந்தப் பதிவு இருப்பதே தெரியாது.

படப்பிடிப்பு முடிந்து ஹீரோ குரல் கொடுக்க வந்தார். நல்ல நடிகர், பந்தா இல்லாதவர். வசனமெல்லாம் மளமளவென்று முடிந்தது. அழுகையில் வந்து வண்டி நின்றது. பதினோரு தடவை அழுதார். ஒவ்வொன்றும் அழகாக இருந்தது, அதுதான் கோளாறு. நடிகர்கள் மூச்சு வாங்கும் இடம் தெரிந்து அழுகிறவர்கள். நிஜத்தில் உடைந்து அழுகிறவனுக்கு மூச்சு எங்கே வாங்குவது என்று தெரியாது.

“எப்படித்தான் இருக்கும்? மாதிரிக்கு ஒண்ணு போட்டுக் காட்டுங்களேன், அதைப் பிடிச்சுக்கிட்டு நான் போயிடறேன்,” என்றார் ஹீரோ.

அந்த நேரத்தில் அண்ணன் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேறு எதையாவது போட்டிருக்கலாம். ஆனால் தன்னிடம் இருப்பதைப் போலப் பொருத்தமானது யாரிடமும் இல்லை என்ற தொழில் திமிர் ஒன்று இருக்கிறதே, அது கையைப் பிடித்து இழுத்தது. மாதிரிக்குத்தானே, அப்புறம் எடுத்துவிடலாம் என்று கோப்பைத் திறந்து காட்சியின்மேல் போட்டார். சினிமாவில் மாதிரிக்கு என்று வைத்தது எதுவும் எழுந்து போனதாகச் சரித்திரம் இல்லை. அது அவருக்குத் தெரியாததும் இல்லை.

ஓடி முடிந்தது. அழுகைக்கு இந்தி, தமிழ் என்ற பேதம் கிடையாது. ஹீரோவின் வாயசைவில் அது அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது. ஹீரோ ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “இதுக்கு மேல நான் என்ன பண்ண? இதையே வச்சிடுங்க.”

இயக்குநர் கேட்டார். “யாரோடது இது? அனுமதி இருக்கா?”

“தெரிஞ்ச இடத்துல கிடைச்சது மேடம். அனுமதி இருக்கு.”

“எவ்வளவு சுத்தமான பதிவு! பின்னாடி ஒரு ஃபேன் சத்தம்கூட இல்லையே.”

ஃபேன் சத்தம் இல்லாததற்குக் காரணம், அன்று அண்ணனே ஃபேனை நிறுத்தியிருந்தார். தம்பி தரையில் புரண்டு கொண்டிருந்தான், அண்ணன் எட்டிப் போய் சுவிட்சை அணைத்தார். டாக்டருக்கு அவ்வளவு சுத்தம் எதற்கு? அந்தக் கேள்வியை அதுவரை அவர் தன்னிடம் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு சாப்பிட உட்கார்ந்தால் இறங்கவில்லை. எதிரில் தம்பி நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டு, படம் எப்போது வரும் என்று தினமும் கேட்டான். ஒரு வாரம் மென்று விழுங்கிவிட்டு மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவர். சுற்றி வளைக்கும் பழக்கம் இல்லை.

“அவன்கிட்ட சொல்லுங்க, இல்ல படத்துலேர்ந்து எடுங்க. ரெண்டுல ஒண்ணு.”

“இந்தப் படத்தைப் பார்த்தா எத்தனை பேர் மனசு மாறும் தெரியுமா? எல்லாரோட நல்லதுக்கும்தான்...”

“அன்னிக்கு நம்ம வீட்டுக்குள்ள வந்து பையைக் கொட்டினவரும் அதைத்தாங்க சொன்னாரு.”

மறுநாள் எல்லா ஒலியையும் கடைசியாக ஒன்றுசேர்க்கும் வேலை. அந்தக் காட்சி வந்தபோது அவர் ஓட்டத்தை நிறுத்தினார். “மேடம், இந்த அழுகையை எடுத்துட்டு அவரோட குரலையே வச்சிடலாமா?”

இயக்குநர் அவரைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க சொன்னா எடுத்துடறேன். ஆனா ஏன்னு சொல்லுங்க.”

கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி. உண்மையைச் சொன்னால் எடுத்துவிடுவார். ஆனால் அனுமதி இருக்கிறது என்று சொன்ன பொய்யும் கூடவே வெளியே வரும். அறையில் நான்கு பேர் இருந்தார்கள். இந்தப் படத்துக்காகத்தான் முதல்முறையாக அவருடைய சொந்தப் பெயரைத் திரையில் போடப் போகிறார்கள்.

“ஒண்ணுமில்ல... கொஞ்சம் தூக்கலா இருக்கோன்னு பட்டது.”

“அப்ப குறைச்சிடுங்க.”

இரண்டு புள்ளி குறைத்தார். செய்த துரோகத்தின் சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்துவிட்டுத் திருப்திப்பட்ட மனிதர் உலகத்திலேயே அவராகத்தான் இருப்பார்.

வேலை செய்தவர்களின் குடும்பத்துக்கு ஒரு காலைக் காட்சி போட்டார்கள். தம்பி தியேட்டர் பக்கமே போகாதவன். சத்தம் ஆகாது. ஆனால் இது தன் கதை என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டு, லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக நின்றான். படம் சுமாராத்தான் வந்திருக்காம், உனக்கு எதுக்கு அந்தக் கூட்டம் என்று அண்ணன் தட்டிக்கழித்துப் பார்த்தார். வண்டியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சிக்னலில் ஒருமுறை வாயைத் திறந்தார். பச்சை விழுந்ததும் மூடிக்கொண்டார். மனைவிக்கு அன்று வேலை. இருந்திருந்தால், வாய் திறக்காத புருஷனை அந்தச் சிக்னலிலேயே இறக்கிவிட்டிருப்பார்.

வரிசையின் ஓர ஸீட்டில், சத்தத்தைக் குறைக்கும் பெரிய காதுமூடியை மாட்டிக்கொண்டு தம்பி உட்கார்ந்தான். பெட்டிகள் வந்தன. போலீஸ் வந்தது. பை கவிழ்ந்தது. ஹீரோ தரையில் சரிந்து வாயைத் திறந்தார். தம்பி சொன்ன கதைப்படியே, திரையில் அண்ணனாக நடித்தவர் அடுத்த நொடி ஓடி வந்து அவரை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டார்.

தம்பி காதுமூடியைக் கழற்றினான். தலையைச் சாய்த்துக் கேட்டான். காட்சி முடிந்ததும் திரும்ப மாட்டிக்கொண்டான். அவ்வளவுதான். அலறவில்லை, எழுந்து ஓடவில்லை. சுற்றிலும் மூக்கை உறிஞ்சும் சத்தம். கண்டுபிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அண்ணனுக்கு மூச்சு வந்தது. அப்படி ஒரு நிம்மதி வந்ததை நினைத்து அவர் பின்னால் கூசிப்போனார். வெளியே வரும்போது யாரோ ஹீரோவின் கையைப் பிடித்து, அழுகையில உயிரையே கொடுத்துட்டீங்க என்றார்கள்.

வண்டி நிறுத்தியிருந்த இடத்தில் தம்பி பெல்ட்டை மாட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி சொன்னான்.

“அது நான்.”

அண்ணன் சாவியைத் திருகவில்லை. “ஆமாடா.”

“வேண்டாம்னு சொன்னேன்.”

“சொன்னேடா. தப்புப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிடு.”

மன்னிப்பு என்ற இடத்தில் தம்பி நிற்கவே இல்லை. அவன் வேறு ஒன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தான்.

“பதிவு பண்ணினா ஒரு கையில போன் இருக்கும். என்னைப் பிடிக்கணும்னா ரெண்டு கையும் வேணும். எவ்வளவு நேரம் பதிவு பண்ணினே?”

“நாலு நிமிஷம்.”

“அதுக்கப்புறம் பிடிச்சியா?”

“அப்புறம் பிடிச்சேன்.”

“உள்ள எல்லாரும் அழுதாங்க. அன்னிக்கு நீ அழுதியா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொன்னால் தம்பி நம்பிவிடுவான். அவனுக்கு நம்ப மட்டும்தான் தெரியும். அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “இல்லடா. அழுதா அதுவும் பதிவுல விழும்னு அடக்கிக்கிட்டு நின்னேன்.”

தம்பி தலையாட்டினான். கோபம் இல்லை, கண்ணில் தண்ணீரும் இல்லை. தவறான முகவரிக்குப் போன பார்சலைத் திருப்பி எடுக்கும் வேலை வந்துவிட்டவனின் முகம்தான் இருந்தது.

“போலீஸ் போனதும் நீ ஓடி வந்து பிடிச்சுக்கிட்டேன்னு ஆபீஸ்ல பதினாறு பேர்கிட்ட சொல்லியிருக்கேன். நாளைக்குப் பதினாறு பேர்கிட்டயும் மாத்திச் சொல்லணும்.”