பக்கம் புரட்ட ஓர் ஆள்

கம்பியக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற தொழில், பையில் எந்நேரமும் சுருட்டிய கம்பி, ஆளும் பார்க்க ஒரு கம்பி. இத்தனையும் ஒரே ஆளிடம் இருந்தால் தெரு சும்மா விடுமா? ஐம்பத்தெட்டு வயது. தும்மினால் இரண்டடி பின்னால் போய் நிற்கிற உடம்பு. சுருதி சேர்க்கப் போன வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் வேலை வாங்கினால், ஒரே ஒரு கட்டையை மட்டும் மயிரிழை இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுவாள் என்று பேச்சு. எல்லாம் வெறும் பேச்சு. அப்படிச் செய்தது இரண்டே தடவை.

அவளும் தம்பியும் ஒரே வீடு. தம்பி பியானோவுக்கு இசை எழுதுகிறவன். அவன் போய்ச்சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அவன் அறையில் பென்சிலில் எழுதிய பதினோரு இசைப் படைப்புகள் இருந்தன. கூடவே பியானோவும் முக்காலியும். மத்தியானம் மூன்று மணிக்கு அந்த முக்காலி கிறீச்சிடும். வெயில் இறங்கினால் மரம் சுருங்கும் என்று அக்காவுக்குத் தெரியாதா, அதுதானே பிழைப்பு. தெரிந்தும் அடுப்படியிலிருந்து, "இதோ வரேன்டா" என்று வாய் சொல்லிவிடும். சொன்ன பிறகு கொஞ்ச நேரம் கரண்டியைக் கையில் பிடித்தபடி நிற்பாள்.

இந்தப் பதினொன்றும் வேறு வீடுகளில், வேறு கைகளில் ஒலிக்க வேண்டும். அது நடக்காதவரை அவன் அந்த அறையை விட்டுப் போகமாட்டான் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள்.

தம்பி மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். முப்பது வயது, வாய்க்கு மட்டும் அறுபது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடும் மூன்று மாதிரிப் புத்தகங்களோடும் வந்தாள்.

"அத்தை, இப்பல்லாம் ஆயிரம் காப்பி அடிச்சுப் பரண்ல போட வேண்டியதில்ல. நாம கம்ப்யூட்டர்ல ஏத்திடணும். யாராவது கேட்டா அவங்களுக்கு மட்டும் ஒண்ணு அடிச்சு அனுப்புவாங்க. மூணு கம்பெனி பாத்து வச்சிருக்கேன். இது அட்டை எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க."

"அட்டையைத் திங்கவா போறோம்? பியானோ மேல வை, நிக்குதான்னு பாப்போம்."

வைத்தார்கள். முதுகில் பசை போட்டு ஒட்டிய புத்தகம். அக்கா நாலு கட்டை தட்டுவதற்குள் அது மெதுவாக, யாரோ உள்ளங்கையால் சாத்துவதுபோல, தானே மூடிக்கொண்டது.

"பசைதான் அத்தை. புதுசுல இறுக்கமா இருக்கும்."

"எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா. ஆனால் முக்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

இரண்டாவது கம்பெனி கையெழுத்துத் தாளைப் படம் பிடித்து அப்படியே அச்சடித்தது. தம்பியின் பென்சில் கோடு, அழித்த தடம், ஓரத்தில் விரல் பட்ட கறுப்பு எல்லாம் உயிரோடு வந்தன. அக்காவுக்கு வேறெதுவும் கண்ணில் ஏறவில்லை. "இதுதான்" என்றாள். முதல் மாதிரிப் பிரதியை, தான் சுருதி சேர்க்கிற பள்ளியின் பியானோ டீச்சருக்குக் கொடுத்தனுப்பினாள்.

மூன்றாம் நாள் டீச்சர் போன் செய்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தம்பிக்கு மூணு கையா?"

"ஏன் டீச்சர்?"

"வலது பக்கம் முடியிற இடத்துலதானே தாளைப் புரட்டணும்? எழுதுறவங்க அங்க ஒரு கைக்காவது சின்ன ஓய்வு விடுவாங்க. இவர் எல்லாப் பாட்டுலயும் அந்த இடத்துல ரெண்டு கையையும் கட்டிப் போட்டிருக்கார். நான் என்ன, மூக்கால புரட்டவா?"

அக்கா போனை வைத்துவிட்டு அறைக்குள் போய் பென்சில் தாள்களை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் வலது பக்கத்தின் கடைசி வரியை மட்டும் பார்த்தாள். எல்லாமே நிரம்பி வழிந்தன. தம்பி பக்கத்தின் கடைசியைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ஏன் படவேண்டும்? முப்பத்தோரு வருஷம் அவனுக்கு இடதுபக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தது. அவன் தலையை ஒரு தரம் அசைப்பான். அவள் எழுந்து புரட்டுவாள். அந்தத் தாள்களை ஆயிரம் முறை பார்த்தும் அவளுக்கு அது குறையாகவே படவில்லை. புரட்டுகிறவள் கண்ணால் பார்த்தால் எப்படித் தெரியும்?

ஆகவே மூன்றாவது கம்பெனி. அதில் பக்கங்களை நாமே அமைத்துக்கொள்ளலாம். வேண்டிய இடத்தில் வெற்றுப் பக்கம் விட்டாலும் பிழையென்று தூக்கி எறிய மாட்டார்கள். புத்தகமும் நடுவில் பின் அடித்து, விரித்தால் விரித்தபடி கிடக்கும். அக்கா இரண்டு விரலால் தட்டித் தட்டி, நான்கு மாதத்தில் பத்துப் படைப்புகளைக் கணினியில் ஏற்றினாள். இங்கே ஒரு வரியைத் தள்ளி, அங்கே இரண்டு வரியை நெருக்கி, கை ஓய்கிற இடத்தில் பக்கம் முடிகிற மாதிரி கொண்டுவந்தாள். ஒவ்வொரு பக்கம் சரியாகும்போதும் டீச்சர் சந்தோஷப்பட்டார். ஒவ்வொரு பக்கம் சரியாகும்போதும், இடதுபக்கத்து நாற்காலியிலிருந்து ஒருத்தி எழுந்து வீட்டுக்குப் போனாள்.

பதினொன்றாவதுதான் மசியவில்லை. ஆறு பக்கம். முதல் கட்டையிலிருந்து கடைசிக் கட்டைவரை இரண்டு கைக்கும் மூச்சுவிட இடமில்லை.

"எழுத்தைச் சின்னதாக்கி ரெண்டே பக்கத்துல அடைச்சிடலாமா அத்தை?" என்றாள் தம்பி மகள்.

"எறும்புக்கா விக்கிறோம்?"

"அப்ப புரட்டுற இடத்துலல்லாம் ஒரு சின்ன நிறுத்தம் போட்டுடுங்க. கண்ணிமைக்கிற நேரம். யாருக்குத் தெரியப்போவுது?"

அக்கா மடிக்கணினியை மெதுவாக மூடினாள்.

"மூணாம் பக்கத்துல ஏற்கெனவே ஒருதரம் நிறுத்தம் போட்டாச்சு. நான்தான் போட்டேன்."

"புரியலையே."

"உங்கப்பனோட கடைசிக் கச்சேரி. இதே பாட்டு, இதே மூணாம் பக்கம். கடைசி வரிக்கு வந்துட்டான். தலையசைக்கல. எனக்கு இடம் தெரியும், எழுந்து நிக்கிறேன், கை தாள்மேல இருக்கு. ஆனா அவன் அசைக்காம நான் ஒருநாளும் புரட்டினதில்ல. காத்திருந்தேன். அவன் நின்னுட்டான். அரங்கமே பாத்துச்சு. அப்புறம் அவனே கையெடுத்துப் புரட்டிக்கிட்டான்."

"அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"வண்டியில வரும்போது ரோட்டுல பள்ளம் ஜாஸ்தியாயிடுச்சுன்னான். நானும் ஆமான்னேன். பத்தொன்பதாம் நாள் காலையில எழுந்திரிக்கல. மூளையில முன்னாடியே ஒரு சின்ன அடைப்பு வந்திருக்கும், ஏதாவது மறதி தெரிஞ்சுதான்னு டாக்டர் கேட்டார்." அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "இல்லைன்னு சொல்லிட்டேன்."

மருந்துக்கடைக்காரி மடிக்கணினியைத் தள்ளி வைத்துவிட்டு அத்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, அப்ப தெரிஞ்சிருந்தாலும்..." என்று தொடங்கி, முடிக்கத் தெரியாமல் அத்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். உள்ளறையில் முக்காலி கிறீச்சிட்டது. இந்தத் தடவை அக்கா பதில் சொல்லவில்லை. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு அக்கா சொன்னாள்: "அச்சுல அந்த நிறுத்தம் வரக்கூடாது. அவன் எழுதினபடியே போகட்டும். கம்பெனி படிவத்துல வாசிக்கிறவங்க எத்தனை பேர்னு கேக்குதே ஒரு கட்டம், அதுல ரெண்டுன்னு போடு."

போட்டார்கள். இரண்டாவது ஆளின் வாத்தியம் என்ன என்றது. பட்டியலில் முக்கோண மணியிலிருந்து குயில் ஊதல் வரை இருந்தது. பக்கம் புரட்டுகிறவர் இல்லை. 'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுத்துத் தட்டினார்கள். மறுநாள் கம்பெனியிலிருந்து பதில்: இரண்டாமவருக்கான தனித்தாள் இணைக்கப்படவில்லை. அது வராமல் வெளியிட இயலாது.

"போச்சு. புரட்டுறதுக்கு எங்கேருந்து நோட்ஸ் வரும்? விட்டுடலாம் அத்தை, பத்து பாட்டு போதும்."

"நகரு" என்றாள் அக்கா.

வாழ்நாளில் ஒரு வரி இசை எழுதாதவள், தம்பியின் பென்சிலை எடுத்து ஒரு வெற்றுத் தாளில் எழுதத் தொடங்கினாள். அடித்தாள், மறுபடி எழுதினாள். மத்தியானம் முழுக்க ஆயிற்று. தம்பி மகள் அதை அப்படியே கணினியில் ஏற்றினாள். கம்பெனி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. இப்போது அந்தப் புத்தகத்தை யார் வாங்கினாலும் பதினொன்றாவது படைப்போடு அந்த ஒற்றைத் தாளும் சேர்ந்து வருகிறது:

'இரண்டாம் ஆளுக்கு. வாசிப்பவரின் இடதுபக்கம் உட்காரவும். கடைசி வரி தொடங்கும்போது எழுந்து நிற்கவும். இடது கையால் தாளின் மேல் மூலையைப் பிடிக்கவும். கீழ் மூலையைப் பிடித்தால் உங்கள் கை அவருக்குத் திரை போடும். தலையசைப்பார், புரட்டவும். மூன்றாம் பக்கத்தில் மட்டும் தலையசைப்புக்குக் காத்திருக்க வேண்டாம், புரட்டிவிடவும். அவர் அசைக்க மறந்திருந்தால் ஏன் என்று அன்றைக்கே கேட்கவும். ரோட்டைப் பற்றிப் பேசினால் விட வேண்டாம்.'